பெடல்போர்டுக்குக் கரண்ட் கொடுப்பது எப்படி: கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துக் கிட்டார்காரர்களுக்கு

கிட்டார் சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்கிற சின்னப் பெட்டிதான் பெடல், அவற்றை அடுக்கிவைக்கிற பலகை பெடல்போர்டு. இரண்டு மூன்று பெடல் வரைக்கும் யாருக்கும் பிரச்சினை இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு 9 வோல்ட் பேட்டரி, நடுவில் ஒரு கேபிள், அவ்வளவுதான். நான்காவதாக, எதிரொலி தருகிற ஒரு டிலேயோ ரிவர்போ வாங்கி வைத்த பிறகுதான் ஆரம்பிக்கும். பேட்டரி ஒரே கச்சேரியில் படுத்துவிடும், சரி என்று ஒரே அடாப்டரில் எல்லாவற்றையும் தொங்கவிட்டால் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம் கிளம்பும், அது எந்தப் பெடலிலிருந்து வருகிறது என்று குனிந்து தேடுவதற்குள் பாட்டே முடிந்துவிடும்.

நம் பக்கத்தில் இதைச் சொல்லித்தர ஆள் குறைவு. ஊர்க் கடையில் கிட்டார், கம்பி, கேப்போ எல்லாம் கிடைக்கும், பெடலுக்குப் பவர் சப்ளை என்று கேட்டால் கீபோர்டு அடாப்டரை எடுத்து நீட்டுவார்கள். அதனால் நானும் என்னோடு ஆர்கெஸ்ட்ராவிலும் சர்ச்சிலும் வாசிக்கிறவர்களும் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதிவைக்கிறேன். சத்தத்தை முறுக்கேற்றுகிற ஓவர்டிரைவ் பெடல்களில் எது உசத்தி என்கிற பஞ்சாயத்துக்குள் போகப்போவதில்லை, அதற்கு முடிவே கிடையாது.

1. முதலில் ஒரு தாள், ஒரு பேனா

பலகையும் வேண்டாம், பவர் சப்ளையும் வேண்டாம், முதலில் கணக்கு. கையில் இருக்கிற பெடல்கள், அடுத்த ஒரு வருடத்தில் வாங்க நினைக்கிற பெடல்கள், எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே நான்கு விஷயம்: எத்தனை வோல்ட், எத்தனை மில்லியாம்ப், டிசியா ஏசியா, குத்துகிற அடாப்டர் முனையின் நடுப்பகுதி மைனஸா பிளஸா. இதெல்லாம் பெடலின் அடியிலோ, பவர் குத்துகிற ஓட்டைக்குப் பக்கத்திலோ, கூட வந்த சிறு புத்தகத்திலோ இருக்கும். புத்தகம் தொலைந்திருந்தால் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம்.

பொதுவாக அனலாக் ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன் எல்லாம் 20 மில்லியாம்புக்குள் அடங்கிவிடும். டிஜிட்டல்தான் தின்னும். பாஸ் (Boss) நிறுவனத்தின் டிடி-8 டிலேக்கு 65, அதே நிறுவனத்தின் ஆர்வி-6 ரிவர்புக்கு 95. ஸ்ட்ரைமன் பிக்ஸ்கை மாதிரி பெரிய ரிவர்ப் என்றால் 300. லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப் வைத்திருக்கிறீர்களா? அதனோடு வருகிற அடாப்டரே 9 வோல்ட், 3 ஆம்ப், அதாவது 3000 மில்லியாம்ப். அதைச் சாதாரணப் பவர் சப்ளையின் ஒரு ஓட்டையில் செருகி இயக்கலாம் என்று கனவு காண வேண்டாம், அதன் அடாப்டரைத் தனியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வோல்ட்டையும் மில்லியாம்பையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. வோல்ட் சரியாகப் பொருந்த வேண்டும். 9 என்று போட்டிருந்தால் 9 தான், 9 முதல் 18 வரை என்று பெடலிலேயே அச்சடித்திருந்தால் மட்டும் 18 கொடுக்கலாம். மில்லியாம்ப் அப்படி இல்லை, அது கூடுதலாக இருந்தால் தப்பே கிடையாது. பந்தியில் சாப்பாடு மிஞ்சினால் யாருக்கும் வயிறு வெடிக்காது, குறைந்தால்தான் சண்டை. பெடல் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். குறைவாகக் கிடைத்தால் அனலாக் பெடல் மங்கலாகக் கேட்கும், டிஜிட்டல் பெடல் பாதியில் அணைந்து அணைந்து எரியும், சில சமயம் வெறும் இரைச்சலாக வரும். கடைசியில் கூட்டுத்தொகையோடு கால்வாசி சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. முனை: இங்கேதான் பெடல் செத்துப்போகும்

இன்றைக்கு வருகிற பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட் டிசி, நடு மைனஸ், முனையின் அளவு வெளியே 5.5 மில்லிமீட்டர், உள்ளே 2.1 மில்லிமீட்டர். பாஸ் பழக்கப்படுத்தியது, மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. உங்கள் வீட்டு வைஃபை ரூட்டர் அடாப்டர், சிசிடிவி கேமரா அடாப்டர், பல யமஹா கீபோர்டுகளின் அடாப்டர், இவற்றின் முனையும் பார்க்க அச்சு அசலாக அப்படியே இருக்கும், கச்சிதமாக உள்ளே போகும். ஆனால் அவை பெரும்பாலும் 12 வோல்ட், நடு பிளஸ். வோல்ட்டும் தப்பு, திசையும் தப்பு. பாதுகாப்பு டயோடு இருக்கிற பெடல் அதோடு தப்பிக்கும், இல்லாதது புகையும். அடாப்டரின் மேல் ஒரு சின்ன வட்டம், அதன் இரு பக்கமும் பிளஸ், மைனஸ் குறி போட்ட படம் இருக்கும். நடுப்புள்ளியிலிருந்து கோடு எந்தக் குறிக்குப் போகிறது என்று பாருங்கள். மைனஸுக்குப் போகாவிட்டால் கீழே வைத்துவிடுங்கள்.

ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், எலக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அடாப்டரில் என்ன எழுதியிருந்தாலும் ஒரு தடவை அளந்து பார்த்த பிறகே பெடலில் குத்துவது என்று பழகிக்கொண்டால் நல்லது. இந்த மீட்டர் பின்னாலும் மூன்று இடத்தில் வேலைக்கு வரும்.

விதிவிலக்குகளையும் தாளில் சிவப்பு மையில் குறியுங்கள். ஃபஸ் என்பது சத்தத்தைக் கரகரவென்று உடைக்கிற பெடல். பழைய முறை ஜெர்மேனியம் ஃபஸ் பெடல்கள் சிலவற்றில் பிளஸ்தான் கிரவுண்டு, அதாவது பெட்டியோடும் கேபிளின் வெளி வலையோடும் சேர்ந்த பக்கம். அதை மற்ற பெடல்களோடு ஒரே சரத்தில் மாட்டினால் ஷார்ட் ஆகும். அதற்குப் பேட்டரியே நிம்மதி. லைன் 6 நிறுவனத்தின் முதல் டிஎல்4, டிஜிடெக்கின் பழைய வாமி போன்றவை ஏசி 9 வோல்ட் அடாப்டரோடு வந்தவை, அவற்றுக்கு அதையே கொடுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் பெடலோடு அதன் சொந்த அடாப்டரையும் கேட்டு வாங்குங்கள், ‘எந்த அடாப்டரும் போடலாம் ப்ரோ’ என்று சொல்கிறவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

3. எந்த வகைப் பவர் சப்ளை

மூன்று வகை. ஒன்று, ஒரே அடாப்டர், அதிலிருந்து பூச்சரம் மாதிரி தொங்குகிற பல முனைகள், இதை டெய்சி செயின் என்பார்கள். ட்ரூடோன் ஒன் ஸ்பாட் இந்த வகையில் பெயர் பெற்றது, 1700 மில்லியாம்ப் தரும். நான்கைந்து அனலாக் பெடல் மட்டும் என்றால் இது போதும், காசை வீணாக்க வேண்டாம். இதே சரத்தில் டிஜிட்டல் டிலேயும் அதிக கெயின் டிஸ்டார்ஷனும் சேர்ந்து உட்காரும்போதுதான் தொந்தரவு. டிஜிட்டல் பெடலுக்குள் ஓடுகிற கடிகாரத் துடிப்பின் இரைச்சல் பவர் வயர் வழியாக டிஸ்டார்ஷனுக்கு வந்து, அங்கே பல மடங்காகப் பெருகி, கொசு பறக்கிற மாதிரி ஒரு விசிலாகக் கேட்கும். அது போக, பெடல்களின் கிரவுண்டு ஏற்கெனவே பேட்ச் கேபிள் (பெடலையும் பெடலையும் இணைக்கிற குட்டி கேபிள்) வழியாக இணைந்திருக்கிறது, பவர் வயர் வழியாகவும் இன்னொரு தடவை இணையும்போது ஒரு வளையம் உண்டாகி ஊம் என்ற சத்தத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது வகைதான் ஆளைக் கவிழ்ப்பது. அழகான அலுமினியப் பெட்டி, எட்டு பத்து அவுட்புட், ஒவ்வொன்றுக்கும் நீல விளக்கு, விலை 3000 முதல் 6000 ரூபாய்க்குள். விளம்பரத்தில் ‘ஐசோலேட்டட்’, அதாவது ஒவ்வொரு அவுட்புட்டும் தனித்தனி என்றே போட்டிருக்கும். உள்ளே பார்த்தால் எல்லா மைனஸும் ஒன்றாகவே இணைந்திருக்கும், அதாவது பெட்டிக்குள் அடைத்த டெய்சி செயின். கண்டுபிடிப்பது சுலபம். கரண்ட்டிலிருந்து பிடுங்கிவிட்டு, எந்தப் பெடலும் மாட்டாமல், மல்டிமீட்டரை பீப் அடிக்கிற நிலையில் வைத்து ஒரு அவுட்புட்டின் மைனஸிலும் இன்னொன்றின் மைனஸிலும் தொடுங்கள். பீப் அடித்தால் அவை தனித்தனி இல்லை. வாங்கிய அன்றைக்கே இதைச் செய்யுங்கள், திருப்பி அனுப்புகிற கெடு முடிந்த பிறகு தெரிந்து பயனில்லை.

மூன்றாவது, உண்மையாகவே ஒவ்வொரு அவுட்புட்டும் தனித்தனியாக இருப்பவை. வூடூ லேப் பெடல் பவர், ஸ்ட்ரைமன் ஜூமா, சியோக்ஸ் டிசி7, ட்ரூடோன் சிஎஸ் வரிசை, எம்எக்ஸ்ஆர் ஐசோ-பிரிக் போன்றவை. விலை 10,000 ரூபாய்க்கு மேல் ஆரம்பித்து 25,000ஐத் தாண்டியும் போகும். டிஜிட்டல் பெடல் இரண்டுக்கு மேல் இருந்தால், இன்னொரு பெடல் வாங்க வைத்திருக்கிற பணத்தை இதில் போடுங்கள் என்றுதான் சொல்வேன். நான்கு நல்ல பெடலும் சுத்தமான கரண்ட்டும், எட்டு பெடலும் இரைச்சலும் என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எனக்கு யோசிக்கவே வேண்டாம். இதிலும் ஒவ்வொரு அவுட்புட்டும் எவ்வளவு தரும் என்று பாருங்கள். சிலவற்றில் 100 மில்லியாம்ப் ஓட்டைகள் பலவும் 400, 500 ஓட்டைகள் ஒன்றிரண்டும் இருக்கும். முதல் படியில் எழுதிய தாளை எடுத்து எந்தப் பெடல் எந்த ஓட்டை என்று பெயர் எழுதிப் பொருத்திப் பாருங்கள். எல்லாம் உட்கார்ந்த பிறகு ஒரு பெரிய ஓட்டையாவது காலியாக இருந்தால்தான் அது உங்களுக்கான அளவு.

அமெரிக்காவில் இருக்கிற மாமா பையன் வரும்போது வாங்கிவரச் சொல்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: அங்கே 120 வோல்ட், நமக்கு 230 வோல்ட். வூடூ லேப் பெடல் பவர் 2 பிளஸ் மாதிரி டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பெட்டியை அங்கே வாங்கினால் அது 120க்கு மட்டும் செய்ததாக இருக்கும், இங்கே நேராகக் குத்தினால் கதை முடிந்தது. பெட்டியில் 100 முதல் 240 வரை என்று அச்சடித்திருந்தால் மட்டுமே வாங்கிவரச் சொல்லுங்கள். ஜூமா, டிசி7, சிஎஸ்12 எல்லாம் அப்படிப்பட்டவை.

4. எங்கே வாங்குவது, என்ன காகிதம், எவ்வளவு நாள்

பவர் சப்ளையும் பெடலும் ஆன்லைன், இல்லையென்றால் பெங்களூருவில் இருக்கிற இசைக்கருவிக் கடைகள். பிளக், ஜாக், ஷீல்டு கேபிள், சால்டரிங் சாமான் போன்ற சில்லறைக்கெல்லாம் பெங்களூருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோடு. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வழியாகச் சுமார் 90 கிலோமீட்டர், காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டில் இருக்கலாம். தர்மபுரிக்காரர்களுக்கு சேலம்–பெங்களூரு ரயிலும் இருக்கிறது. சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். தமிழிலேயே பேசலாம், யாராவது ஒருவர் பதில் சொல்வார்.

ஜிஎஸ்டி பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். ‘பில் வேண்டாம் என்றால் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன்’ என்பார்கள். அந்தக் குறைச்சல் வாரண்டி கேட்கும்போது உங்கள் தலையில் விழும். பில், வாரண்டி அட்டை, பெடலின் சீரியல் எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ, மூன்றையும் போனில் ஒரே ஃபோல்டரில் போட்டுவையுங்கள். வெப்பத்தாள் பில் என்றால் ஒரு வருடத்தில் எழுத்து மறைந்துவிடும், அன்றைக்கே போட்டோ. ஆன்லைன் பார்சலைப் பிரிக்கும்போது மேலே ஒட்டிய முகவரிச் சீட்டிலிருந்து ஆரம்பித்து நிறுத்தாமல் வீடியோ எடுங்கள், உடைந்து வந்தால் அது ஒன்றுதான் பேசும். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் விற்றவரின் பழைய பில்லைக் கேளுங்கள். இல்லையென்றால் ஒரு வெள்ளைத்தாளில் பெடல் பெயர், சீரியல் எண், தேதி, தொகை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பெடல்களை விட்டுவிட்டு, அமைக்கிற செலவு மட்டும் தோராயமாக இப்படி வரும்: டெய்சி செயினோடு உள்ளூர்ப் பலகை, கையால் செய்த கேபிள் என்றால் 5000 முதல் 7000 ரூபாய். தனித்தனி அவுட்புட் உள்ள சப்ளை என்றால் 15,000க்குக் குறையாது. பெயர் பெற்ற கம்பெனிப் பலகையும் பையும் வேண்டும் என்றால் அதற்கு மேல் இன்னொரு 10,000 வரை.

நாள் கணக்கும் முக்கியம். மாசியில் காவேரிப்பட்டணம் மயானக் கொள்ளையில் ஆரம்பித்துப் பங்குனி, சித்திரை என்று திருவிழா சீசன் ஓடும். அதற்கு வாசிக்க வேண்டும் என்றால் தை பிறக்கும்போதே ஆர்டர் போட்டுவிடுங்கள். பார்சல் வருவது ஒரு வாரம், ஆசாரி ‘நாளைக்கு முடிச்சிடலாம்’ என்று சொல்வது இரண்டு வாரம், கேபிள் செய்து சோதிப்பது இன்னும் ஒரு வாரம். கச்சேரிக்கு முந்தின நாள் புதுப் போர்டைக் கட்டாதீர்கள்.

5. பலகை

பெடல்களின் அளவுக்குப் பழைய செய்தித்தாளை வெட்டித் தரையில் பரப்புங்கள். பாஸ் காம்பேக்ட் பெடல் ஒன்று 73 மில்லிமீட்டர் அகலம், 129 மில்லிமீட்டர் நீளம். பக்கவாட்டில் ஜாக் குத்த இரண்டு பெடலுக்கு நடுவே மூன்றரை சென்டிமீட்டராவது வேண்டும். அப்படிக் கணக்குப் போட்டால் ஒரு வரிசையில் ஆறு பெடலுக்கு 61 சென்டிமீட்டர் வருகிறது. இரண்டு வரிசை என்றால் ஆழம் 32 சென்டிமீட்டர். பின்வரிசையை மிதிக்கும்போது முன்வரிசைக் குமிழ்களில் ஷூ பட்டுவிடாமல் இருக்கப் பின்பக்கம் உயர வேண்டும்.

12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஆசாரியிடம் சொன்னால் செய்து கொடுப்பார். அலுமினியம் ஜன்னல் செய்கிற கடையில் சேனல் கம்பிகளை இடைவெளி விட்டு அடித்து வாங்கினால் இன்னும் நல்லது, எடை குறைவு, வயர் கீழே இறங்க இடமும் கிடைக்கும். எந்த வகையானாலும் பவர் சப்ளையைக் கையோடு எடுத்துப்போய் அதன் உயரத்தைக் காட்டி, அடியில் போய் உட்காருகிறதா என்று பார்த்த பிறகே ஆணி அடிக்கச் சொல்லுங்கள். நம் ஊர்தானே என்று மாம்பழப் பெட்டிப் பலகையில் செய்த ஒரு போர்டையும் பார்த்திருக்கிறேன். அழகாகத்தான் இருந்தது, மிதித்த மிதியில் ஒரு சீசன் தாங்கவில்லை.

6. வரிசை

சட்டம் எதுவும் இல்லை, ஆனால் ஆரம்பிப்பதற்கு ஒரு வரிசை வேண்டும்: கிட்டார், ஃபஸ் இருந்தால் முதலில் அது, பிறகு டியூனர், ‘வா வா’ என்று சத்தத்தை வளைக்கிற வா பெடல், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்கிற கம்பிரெசர், ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், கோரஸ் வகையறா, டிலே, கடைசியில் ரிவர்ப். ஃபஸ் ஏன் முதலில் என்றால், பல ஃபஸ் பெடல்கள் கிட்டார் பிக்கப்போடு நேராகப் பேச வேண்டும், நடுவில் பஃபர், அதாவது சிக்னலுக்குத் தெம்பு கொடுக்கிற சர்க்யூட் வந்தால் குரல் மாறிப்போகும். பாஸ் பெடல்களில் அணைத்திருந்தாலும் பஃபர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அது கெட்டதும் இல்லை. நீளமான கேபிள் போட்டால் கூர்மையான சத்தம் மழுங்கிப்போகும், கேபிளின் மின்தேக்கம் (கெப்பாசிட்டன்ஸ்) ஒரு மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் தேறும், அது சேரச் சேர மழுங்கல் கூடும். எல்லாப் பெடலும் ட்ரூ பைபாஸ் (அணைத்தால் சிக்னல் சர்க்யூட்டைத் தொடாமல் நேராகப் போகிற வகை), அதோடு இரண்டு பக்கமும் ஆறு ஆறு மீட்டர் கேபிள் என்றால் நடுவில் ஒரு பஃபர் இருப்பது நல்லது.

டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பவர் சப்ளைக்கு நேர் மேலே வா பெடலை வைக்க வேண்டாம். வா பெடலுக்குள் இருக்கிற கம்பிச்சுருள் ஊம் சத்தத்தைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும்.

7. பேட்ச் கேபிள்

கலர் கலராக ஆறு சேர்த்து ஒரு பாக்கெட்டாக விற்பதை வாங்கினால் ஒன்று நிச்சயம் கச்சேரியில் போகும். ரப்பரோடு சேர்த்து வார்த்தது என்பதால் திறந்து சரிசெய்யவும் முடியாது. சால்டரிங் தெரிந்தால் தட்டையான பிளக்கும் ஷீல்டு கேபிளும் வாங்கி, பெடல்களை இடத்தில் வைத்த பிறகு தேவையான நீளத்துக்கு வெட்டி நீங்களே செய்யுங்கள். தெரியாவிட்டால் ஊரில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்க்கிறவரிடம் கொடுங்கள், அவருக்கு இது பத்து நிமிட வேலை. நடுக்கம்பி முனைக்கு, சுற்றியிருக்கிற வலை உடம்புக்கு. செய்து முடித்ததும் மீட்டரில் பாருங்கள்: முனைக்கும் முனைக்கும் பீப், உடம்புக்கும் உடம்புக்கும் பீப், முனைக்கும் உடம்புக்கும் பீப் வரவே கூடாது. கேபிளை ஆட்டிக்கொண்டே பாருங்கள். கூடுதலாக ஒன்று செய்து பையில் போட்டுவையுங்கள்.

8. ஒட்டுவது

வெல்க்ரோவில் மெத்தென்ற பக்கம் பலகைக்கு, சொரசொரப்பான பக்கம் பெடலுக்கு. பெடலின் அடியை மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ஒட்டினால் பிடிக்கும். சீரியல் எண் சீட்டின் மேல் ஒட்டிவிடாதீர்கள், வாரண்டிக்கும் விற்பதற்கும் அது வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் பூட்டிய காருக்குள் போர்டை வைத்துவிட்டுப் போனால் பசை இளகிப் பெடல் நழுவும், மலிவு வெல்க்ரோ என்றால் நிச்சயம்.

பவர் வயர்கள் ஒரு பக்கமாக, பேட்ச் கேபிள்கள் இன்னொரு பக்கமாக ஓடட்டும். தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் குறுக்காகத் தாண்டட்டும், ஒட்டியபடி இணையாக ஓட வேண்டாம். சோதனை முடியும் வரை வயர்களைக் கேபிள் டேக் போட்டு இறுக்காதீர்கள். பெடலுக்குள் இருக்கிற பழைய பேட்டரிகளையும் எடுத்துவிடுங்கள், உள்ளேயே கசிந்து பச்சை பூத்துவிடும்.

9. வீட்டில் சோதனை

எல்லாவற்றையும் மாட்டி ஒரே அடியாகச் சுவிட்சைப் போடாதீர்கள். முதலில் கிட்டார் நேராக ஆம்புக்கு (ஆம்ப்ளிஃபயருக்கு), எவ்வளவு இரைச்சல் என்று காதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பெடல், கேளுங்கள். அடுத்தது, கேளுங்கள். எதைச் சேர்த்ததும் சத்தம் வருகிறதோ அந்தப் பெடலை மட்டும் பேட்டரியிலோ வேறு அடாப்டரிலோ ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் கோளாறு பவரில், போகாவிட்டால் கேபிளிலோ பெடலிலோ. கிட்டாரோடு நீங்கள் திரும்பும்போது சத்தம் கூடிக் குறைந்தால் பெடல்களைத் திட்ட வேண்டாம், பிக்கப் பக்கத்திலிருக்கிற டியூப்லைட்டையோ டிரான்ஸ்ஃபார்மரையோ கேட்டுக்கொண்டிருக்கிறது.

கரண்ட் போய் வீட்டு இன்வெர்ட்டர் ஓடும்போது திடீரென்று கரகரப்பு வந்தால் அது ஸ்கொயர் வேவ் வகை இன்வெர்ட்டர். சைன் வேவ் வகையில் அந்தத் தொல்லை இருக்காது. அந்த நேரத்தில் போர்டைப் பழுது பார்க்க உட்காராதீர்கள்.

10. திருவிழா மேடை

வீட்டில் அமைதியாக இருந்த போர்டு மேடையில் கத்தும், எதிர்பார்த்தே போங்கள். ஆனால் சத்தத்துக்கு முன்னால் உயிர். பல மேடைகளில் ஜெனரேட்டருக்கு எர்த் சரியாக இருக்காது, ஜங்ஷன் பாக்ஸில் மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரம். எர்த் இல்லாமல் மூன்று முனைப் பவர் சப்ளையைக் குத்தினால் அதன் உடம்பில் மிதக்கிற வோல்டேஜ் ஏறும், கம்பியைத் தொட்டுக்கொண்டு மைக்கில் உதடு பட்டால் சுர்ரென்று இழுக்கும். லைனே மாறியிருந்தால் சுர்ரோடு நிற்காது. பாடிக்கொண்டே வாசிக்கிறவர்கள் வாய் திறப்பதற்கு முன் மல்டிமீட்டரை ஏசியில் வைத்து கிட்டார் கம்பிக்கும் மைக்கின் வலைக்கும் நடுவே அளந்து பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பத்து, இருபது, நூறு என்று காட்டினால் தொடாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் கொடுக்கச் சொல்லுங்கள், ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது தம்பி’ என்று சொன்னாலும் நகராதீர்கள். ஊம் சத்தம் போகும் என்று பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடுகிற வைத்தியம் ஒன்று நம் ஊரில் உலவுகிறது. அதைச் செய்யவே கூடாது.

கரண்ட் எடுக்கிற இடமும் முக்கியம். சீரியல் செட்டும் எல்இடி லைட்டும் ஓடுகிற லைனில் உங்கள் போர்டைக் குத்தினால் டிம்மர் ஏறி இறங்குவதெல்லாம் ஆம்பில் கேட்கும். சவுண்ட் சர்வீஸ் அண்ணனிடம் போய், மிக்சருக்குக் கரண்ட் எடுக்கிற அதே பாயிண்டிலிருந்து ஒரு லைன் கேளுங்கள். உங்கள் கையில் எர்த் உள்ள மூன்று முனை எக்ஸ்டென்ஷன் பத்து மீட்டர், அதன் முடிவில் ஒரு ஸ்பைக் பஸ்டர் இருக்கட்டும். ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகும்போதும், கரண்ட்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும்போதும் போர்டு அணைந்திருப்பது நல்லது.

இதற்கெல்லாம் மாற்றாக 9 வோல்ட் கொடுக்கிற பவர் பேங்க்கும் அதற்கான கேபிளும் வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மெயின்ஸ் பக்கமே போகாததால் பாதித் தொல்லை இல்லை. ஒரே ஒரு சங்கடம், அனலாக் பெடல்கள் எடுக்கிற கரண்ட் மிகக் குறைவு என்பதால் சில பவர் பேங்க்குகள் ‘யாரும் இல்லை’ என்று நினைத்துத் தானாக அணைந்துவிடும். வீட்டில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மேடைக்கு எடுத்துப்போங்கள்.

பெரும்பாலான நம் ஊர் மேடைகளில் கிட்டாருக்குத் தனி ஆம்ப் கிடையாது, நேராக மிக்சர்தான். டிஸ்டார்ஷனை அப்படியே மிக்சரில் கொடுத்தால் தேனீக்கூட்டைக் கலைத்த மாதிரி இருக்கும், போர்டின் கடைசியில் ஸ்பீக்கர் சத்தத்தைப் போலச் செய்கிற கேப் சிம் பெடல் ஒன்று வேண்டும், அதையும் முதல் படியின் தாளில் சேர்க்க மறக்காதீர்கள். அதற்கு அடுத்து ஒரு டிஐ பாக்ஸ், போர்டின் சிக்னலை மிக்சருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுக்கிற பெட்டி. அதில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். எர்த் சரியாக இருந்தும் ஊம் சத்தம் வந்தால் அதைத் தட்டுங்கள், இந்த இடத்தில் கிரவுண்டைத் துண்டிப்பதில் ஆபத்து இல்லை, துண்டிக்கப்படுவது ஆடியோ வயரின் கிரவுண்டுதான். ஆக்டிவ் டிஐ என்றால் மிக்சரிலிருந்து 48 வோல்ட் ஃபேண்டம் பவர் போடச் சொல்ல வேண்டும், பேசிவ் என்றால் தேவையில்லை. கேபிளைப் பிடுங்குவதற்கு முன் சவுண்ட் அண்ணனுக்குக் கை காட்டி, அவர் உங்கள் சேனலை மியூட் செய்துவிட்டார் என்று தெரிந்த பிறகு பிடுங்குங்கள். அந்த ‘டம்’ சத்தத்தில் ஸ்பீக்கர் போனால் அடுத்த வருடம் உங்களைக் கூப்பிட மாட்டார்.